கலங்கல் தண்ணீர்

எங்கள் பரிசோதனைக்கூடத்தைத் தொடங்கியவர் அப்பா. ஆண்டுதோறும் எங்கள் ஆறு வயல் உரத்தின் பாஸ்பரஸை எவ்வளவு ஏரியில் கொட்டுகிறது என்ற கணக்கு முப்பது ஆண்டுகளாக எங்கள் கையெழுத்தோடுதான் வெளியாகிறது. மாதம் ஒரு பாட்டில் தண்ணீர். பன்னிரண்டு பாட்டில்களிலும் உள்ள பாஸ்பரஸின் சராசரியை அந்த ஆண்டு ஓடிய நீரின் அளவால் பெருக்கினால் ஏறக்குறைய நாற்பது டன். வெள்ளத் தண்ணீரின் சேறு வடிகட்டித் தாளை அடைத்துவிடும். ஆகவே ஆறு தெளிந்த பிறகே எடுக்கவேண்டும் என்பது என் கட்டளை.

இந்த ஆண்டு ஏரி பாசி பிடித்துப் பச்சையாகி மீன்கள் செத்து மிதந்தன.

"வயல் உரமெல்லாம் சேத்தோட ஒட்டிக்கிட்டு வெள்ளத்துலதான் போகுது மாமா. அந்த நேரத்துல நாம ஒரு பாட்டில்கூட எடுத்ததில்ல," என்றாள் மருமகள். அவளும் என் மகனும் கூடத்தில்தான் வேலை செய்கிறார்கள்.

"எனக்கே பாடம் எடுக்காதம்மா," என்றேன்.

அடுத்த மழைக்கு ஆறு கரைபுரண்டது. இருவரும் பாலத்திலிருந்து வாளி இறக்குவதாகத் தகவல் வந்ததும் என் தம்பி கொதித்தான்.

"அந்தத் தண்ணி உள்ள வந்தா முப்பது வருஷக் கணக்கும் நாறிடும்ணே."

"போய்த் தடு," என்றேன். அந்தச் சொல் என்னுடையது, மறைக்கமாட்டேன்.

நான் பின்னாலேயே போய்ப் பாலத்தில் ஏறியபோது தம்பி பாட்டில் பெட்டியை உதைத்துக்கொண்டிருந்தான். மூன்று பாட்டில்கள் நொறுங்கிக் கிடந்தன. நான்காவதை மருமகள் அக்குளில் இடுக்கியிருந்தாள்.

"குடுத்துடு. குடும்ப மானத்த வாளியில மொண்டுகிட்டு நிக்கிற."

"நம்ம மானம் தெளிஞ்ச தண்ணியிலதான் நிக்குமா, சின்ன மாமா?"

அவளுடைய மற்றக் கையைப் பிடித்துப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் அடித்தான். ஒருமுறை அல்ல. விரல் எலும்பு முறிந்தது வெள்ள இரைச்சலிலும் கேட்டது. மகன், வாளி மூழ்குவதற்காகக் கயிற்றில் கட்டியிருந்த இரும்புக் குண்டைச் சுழற்றிச் சித்தப்பாவின் தாடையில் இறக்கினான். தம்பி இரண்டு பற்களைத் துப்பிவிட்டு அவன்மேல் பாய்ந்தான். கழுத்தை நெரித்துக் கம்பிக்கு வெளியே சாய்த்தான். கீழே மரங்கள் வேரோடு உருண்டு போயின. மகனின் கால்கள் தரையை விட்டு எழும்பின.

என் கைத்தடியால் தம்பியின் முதுகில் அடித்தேன். அவன் அசையவில்லை. மணிக்கட்டில் அடித்தேன். பிடி விட்டது.

"நீங்க சொல்லித்தானே வந்தேன்," என்றான் வாயெல்லாம் ரத்தமாக.

"தடுக்கச் சொன்னேன். கொல்லச் சொல்லல."

மருமகள் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "உடைக்கிறதுன்னா நீங்களே உடைங்க மாமா. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

வாங்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தேன். வடிகட்டாமல், சேற்றோடு சேர்த்தே அமிலத்தில் காய்ச்சினேன். பாஸ்பரஸ் வழக்கத்தைப்போல் எட்டு மடங்கு வந்தது. அந்த மூன்று நாள் வெள்ளத்தில் மட்டும் சுமார் அறுபது டன். ஒரே பாட்டிலை வைத்துச் சொல்வதால் கூடலாம், குறையலாம் என்று எழுதினேன். முப்பது ஆண்டு அறிக்கைகளும் உண்மையைவிடக் குறைவாகச் சொன்னவை என்று அதன்கீழ் எழுதிக் கையெழுத்திட்டேன்.

தாடைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த தம்பி வாசலை மறித்தான். "அப்பா பேரு போயிடும்ணே," என்று குழறினான்.

"அந்தப் பேருக்கு மூத்தவன் நான் பதில் சொல்றேன். நகரு."

அவன் நகரவில்லை. கட்டுப் போட்ட பக்கமாகவே ஓர் அறை விட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனைத் தாண்டிப்போய் அறிக்கையை அரசு அலுவலகத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.