அப்பளத்துக்கு வந்த அருள்

பந்தல்குடி டூரிங் டாக்கீஸில் அம்மன் படத்தின் மூன்றாவது ரீலுக்குப் பதில் ஐந்தாவதை ஓட்டிவிட்டேன். எனக்குப் பத்து வருஷ அனுபவம் வேறு. அம்மன் தோன்ற வேண்டிய நேரத்தில் கதாநாயகி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்படியும் தினமும் கொட்டகைக்கு வரும் ஒச்சம்மாளுக்கு வழக்கம்போல அருள் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மணல் தரையில் ஆடினாள். ஜனம் அப்பளத்தைக் கும்பிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் இப்படி ஆடித்தான் என் மனைவி தங்கச்செல்விக்கு அவள் பிள்ளைவரம் கொடுத்திருந்தாள். அன்றோடு தங்கச்செல்வி டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். முதலாளி கொட்டகை வாசலில் அம்மன் சிலையோடு வைத்த உண்டியலே கதியென்று கிடந்தாள். எட்டு வருஷம் காத்திருந்தவளிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

படம் விட்டதும் ஒச்சம்மாளை மறித்தேன்.

"ஏத்தா, அப்பளத்துக்குமா ஆத்தா எறங்குவா? என் வீட்டுக்காரிக்குச் சொன்ன வாக்கு நெசமா?"

அவள் கொண்டையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கிப் போட்டாள்.

"பொய்யிண்ணே. ஆடுனா டிக்கெட்டு வேணாம்னு மொதலாளி சொன்னாக. பகலெல்லாம் பருத்தி எடுத்துட்டு வாரேன், செத்த உக்கார எனக்கு வேற எடமில்ல. மதினிய மாத்திரையத் திங்கச் சொல்லுங்க."