ஆவி பிடித்த நெற்றி

காய்ச்சல் ஊரையெல்லாம் வீட்டுக்குள் அடைத்துவிட்ட அந்த மாதங்களில், விடுதியிலேயே தங்கிப்போன மாணவிகள் பயத்தைச் சமாளிக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஒருத்தி துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைத்தாள். ஒருத்தி பாடம் நடக்கும்போது கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினாள். எதிர் அறைக்காரி சாயங்காலமானால் ஊரிலிருக்கும் தம்பியோடு ஃபோனில் சண்டை பிடித்தாள். சண்டை போட்டால்தான் சோறு இறங்குகிறதாம்.

பூனை ஆவி பிடித்தாள். நடப்பதே கேட்காது என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மனசு படபடத்தால் உடனே கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தைலம் விட்டு, போர்வைக்குள் புகுந்துகொள்வாள். அறையின் தலையணைகூடத் தைலம் மணக்கும்.

அவளோடு அதே அறையில் இருந்த நெட்டைக்குத் துணையாக இருந்தது வஞ்சம். காலையில் அவளை எழுப்பியதும் அதுதான், பரீட்சைக்குப் படிக்க வைத்ததும் அதுதான். கடவுளிடம் அவள் வேறெதுவும் கேட்பதில்லை. பூனை என்றைக்காவது ஒருநாள் தன் கையில் சிக்கட்டும் என்று மட்டும் கேட்டாள். அப்படிப்பட்ட வேண்டுதலையும் கடவுள் காது கொடுத்துக் கேட்கத்தான் செய்கிறார். என்ன செய்கிறார் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

நடந்தது இதுதான். தினமும் காலையில் வார்டன் படிக்கட்டருகே நின்று, துப்பாக்கி போன்ற வெப்பமானியை ஒவ்வொருத்தி நெற்றிக்கும் நேராக நீட்டுவார். சிவப்பு விளக்கு எரிந்து அது கத்தினால், அந்தப் பெண் நேரே பின்கட்டுக்குப் போக வேண்டும். காய்ச்சல்காரர்களைப் பூட்டி வைக்கும் கட்டடம் அது. ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்த மறுநாள் காலை, நெட்டை மூக்கடைப்பு தாங்காமல் பூனையின் போர்வையை வாங்கி ஆவி பிடித்தாள். பிடித்த சூட்டோடு நெற்றியைக் காட்டியதும் சிவப்பு எரிந்தது.

"இப்பதான் மேடம் ஆவி பிடிச்சேன். இவளக் கேளுங்க" என்றாள் நெட்டை. பூனை தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஒரே அறைக்காரி என்று தன்னையும் கூட்டிப்போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு.

பின்கட்டில் நெட்டையின் ஃபோன் செத்தது. பூனையிடம் சார்ஜரைக் கொடுத்துவிடச் சொல்லி, பெருக்க வந்த ஆயாவை அனுப்பினாள். பூனை அதை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போய், பின்கட்டு ஜன்னலில் யாரோ இருமியது கேட்டதும் திரும்பி ஓடிவந்துவிட்டாள். நெட்டையின் அம்மா இறந்த செய்தி, எல்லாம் முடிந்த பிறகு வார்டன் வாய் வழியாகத்தான் வந்தது. கடைசியில் அம்மா ஃபோனில் மகள் பெயரைச் சொல்லித் தேடினாள் என்பதைப் பிற்பாடு அத்தை சொன்னாள்.

அறைக்குத் திரும்பிய நெட்டை சண்டை போடவில்லை. பூனை அழுதபடி என்னவோ சொல்ல வந்தபோது எழுந்து வெளியே போனாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இப்போது வேளை வந்தது. பூனையின் அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆளில்லை. அனுமதி வாங்கியாகிவிட்டது, கல்லூரி வேன் காலையில் வருகிறது. நெற்றிச் சோதனை முடிந்தால்தான் வேனில் ஏற்றுவார்கள்.

பெட்டியை மூடியும் திறந்தும் பூனை தவித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சார்ஜர் சுவரில் மாட்டியபடியே இருந்ததை நெட்டை பார்த்தாள். சொல்லவில்லை. அது பலகாரத்துக்கு மேல் தூவிய சர்க்கரை மாதிரி இனித்தது.

"வேன் லேட்டாகுமாம். வார்டனும் இப்ப வரமாட்டாங்க. நீ ஆவி பிடிச்சிட்டே போ" என்றாள்.

இத்தனை நாள் கழித்து வந்த முதல் பேச்சு. பூனைக்குக் கண் நிறைந்துவிட்டது. நெட்டையே தண்ணீர் கொதிக்க வைத்தாள், தைலத்தைத் தாராளமாக விட்டாள், போர்வையை இடுக்கில்லாமல் இழுத்து மூடினாள். உள்ளேயிருந்து பூனை, "நீ போட்டாத்தான்டி சரியா வருது" என்றாள். நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நீயும் கம்பிக்குப் பின்னால் நின்று கத்து. உன் அம்மாவும் உன்னைத் தேடட்டும்.

வார்டனின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. கீழே வேன் ஹாரன் அடித்தது.

பூனை வியர்த்த முகத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே நெட்டையும் போனாள், பார்ப்பதற்கென்றே. வெப்பமானி கத்தியது. சிவப்பு.

அவள் கெஞ்சுவாள், "இவளக் கேளுங்க" என்பாள், அப்போது தானும் தரையைப் பார்க்க வேண்டும் என்று நெட்டை காத்திருந்தாள். அந்தக் கணத்தை எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஆனால் பூனை கெஞ்சவில்லை. ஒரு தடவை நெட்டையைத் திரும்பிப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பின்கட்டுப் பக்கம் தானாகவே நடந்தாள்.

"பூனைன்னா பேசாதுன்னு நினைப்பா? சொல்லுடி" என்றாள் நெட்டை. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

பூனை நின்றாள். "என்னத்தச் சொல்ல? நான் அன்னிக்குச் சொல்லலையே."

நெட்டை வார்டன் பக்கம் திரும்பினாள். "காய்ச்சல் இல்ல மேடம். இப்பதான் ஆவி பிடிச்சா. நான்தான் பிடிக்க வச்சேன். கொஞ்சம் ஆறட்டும், மறுபடி பாருங்க."

"அன்னிக்கு நீயும் இதையேதானம்மா சொன்ன" என்றார் வார்டன் சலிப்பாக.

"அன்னிக்கும் உண்மையத்தான் சொன்னேன் மேடம்."

 வார்டன் கையிலிருந்த வெப்பமானியை, அது ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேன்காரரிடம் காத்திருக்கச் சொல்லிக் கையசைத்துவிட்டு, பூனையைப் படியில் உட்காரச் சொன்னார். தானும் தள்ளி உட்கார்ந்தார்.  நெற்றி ஆறி, பச்சை விளக்கு எரிந்ததும் வார்டன் நெட்டையைப் பார்த்து, "நான் அன்னிக்கே..." என்று தொடங்கினார். 

பூனை கிட்டே வந்தாள். "என்னை மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள் நெட்டை. "போ, வண்டி போயிரும்."

வேன் கிளம்பி வாசலைத் தொட்டபோது, நெட்டை எதுவோ நினைவுக்கு வந்தவளாய் மாடிக்கு ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து வேன் பக்கவாட்டில் தட்டி நிறுத்தினாள். ஜன்னல் வழியாகச் சார்ஜரை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனதும் மொதல்ல இதச் சொருகு" என்றாள். "அம்மா கூப்பிடுவாங்க."