வெளுத்த மீன்

லெஸ்டரின் நெஞ்சைப் பிளந்து அடைப்புகளைச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, டாக்டரம்மா அவன் மனைவி மார்லிஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றுதான். மீன் சாப்பிடட்டும், தப்பே இல்லை. ஓட்டலில் பொரித்த மீன் மட்டும் வேண்டாம். நாள் கணக்காகத் திரும்பத் திரும்பக் காய்கிற எண்ணெய் கெட்டுப்போன எண்ணெய், ரத்தக் குழாயை அது சும்மா விடாது. இன்னொரு தடவை அடைத்துக்கொண்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அந்த அம்மாள் பளிச்சென்று சொல்லிவிட்டாள்.

வேறு ஊராக இருந்தால் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். இது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். வெள்ளிக்கிழமை மாலை என்றால் ஊர் முழுக்கப் பொரித்த மீன்தான். கத்தோலிக்கர்கள் கறி தின்னாத விரதத்துக்காக ஆரம்பித்த பழக்கம். இப்போது லூத்தரன் சபைக்காரன், சாமியே இல்லை என்று வாதாடுகிறவன் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று மேசைக்குக் காத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொன்று. அவர்கள் இருந்த ஏரிக்கரை ஊரில் மீன் பொரிக்கும் மதுக்கடை மார்லிஸின் தம்பி வென்டலுடையது. வெள்ளிக்கிழமைகளில் மேசை மேசையாகத் தட்டைக் கொண்டுபோய் வைப்பவள் மார்லிஸேதான்.

காகித ஆலையில் உழைத்து ஓய்வு பெற்றவன் லெஸ்டர். நல்ல மனிதன், ஆனால் வாய் விஷயத்தில் குழந்தையைவிட மோசம். வீட்டில் அவள் எலுமிச்சை பிழிந்து அடுப்பில் வாட்டிக் கொடுத்த மீனைச் சவத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றான். மூன்றாவது வாரம், "இதைத் தின்னுட்டு இன்னும் இருபது வருஷம் இருக்கணுமா?" என்று கேட்டான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த மனிதனை மாற்ற முடியாது, எண்ணெயையாவது மாற்றலாம். இதில்தான் அவள் தவறினாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பார்கள் என்று நான் சொல்வேன்.

எண்ணெய் விவகாரம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவர்கள் அப்பா காலத்தில் பன்றிக் கொழுப்பில் பொரித்தார்கள். அது நெஞ்சுக்கு ஆகாது என்றார்கள், டின்னில் வெள்ளைக் கட்டியாக வந்த தாவரக் கொழுப்புக்கு மாறினார்கள். பிறகு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு என்று தடையே வந்தது, சோயா எண்ணெய்க்கு மாறினார்கள். இப்போது சோயாதான் விஷம், மாட்டுக் கொழுப்புதான் அமிர்தம் என்று போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து வென்டலுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. தொட்டியில் எண்ணெயை மாற்றும்போது முழுவதையும் கொட்டக் கூடாது. கால்வாசிப் பழையதை நிறுத்தி, அதன் மேல்தான் புதியதை ஊற்ற வேண்டும். புது எண்ணெய்க்கு மீனைச் சிவக்க வைக்கத் தெரியாது. பழைய எண்ணெய் கலந்தால்தான் மாவு பொன்னிறமாகப் பிடித்து மொறுமொறுப்பாகும். ஆகவே வென்டலின் தொட்டியில் எப்போதுமே ஒரு பங்கு, எந்த வருஷத்தது என்று யாருக்கும் தெரியாத எண்ணெய்.

மார்லிஸ் தம்பியிடம் போனாள். ஒவ்வொரு வாரமும் முழு எண்ணெயையும் கொட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காதே என்றாள்.

"புது எண்ணெய்ல மீன் வெளுத்துப் போயிடும். உனக்கே தெரியும்," என்றான் வென்டல்.

"வெளுத்தா வெளுக்கட்டும். லெஸ்டர் எப்படியும் இங்கதான் வந்து திங்கப் போறான். நல்ல எண்ணெய்ல தின்னட்டும்டா."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கும் நெஞ்சு இருக்குல்ல?"

வென்டலுக்கு அக்காவிடம் பேசி ஜெயித்துப் பழக்கமில்லை. லெஸ்டரோ அவனுக்கு மச்சான் ஆவதற்கு முன்பே கூட்டாளி. உறைந்த ஏரியில் துளை போட்டு இருவரும் ஒன்றாக மீன் பிடித்து வளர்ந்தவர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வென்டல் குழந்தைபோல அழுததை மார்லிஸ் பார்த்திருக்கிறாள். தொட்டியைக் காலி செய்து, அடியில் ஒட்டியிருந்த கசடு வரைக்கும் சுரண்டி, கழிவெண்ணெய் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை தட்டில் போன மீன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் முகம்போல இருந்தது. கோஸ் சாலட், ரை ரொட்டி, உருளைக்கிழங்கு அடை எல்லாம் வழக்கம்போல, நடுவில் இது. ருசியில் குறை சொல்ல முடியாது, சொல்லப்போனால் மீனின் ருசி இப்போதுதான் தெரிந்தது. ஆனால் அங்கே வந்தவர்கள் மீனின் ருசிக்காக வந்தவர்கள் இல்லையே. எப்படி இருக்கிறது என்று மார்லிஸ் ஒவ்வொரு மேசையிலும் கேட்டாள். அந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று சொல்லிவிட மாட்டார்கள். "வித்தியாசமா இருக்கு" என்றார்கள். ஒவ்வொரு மேசையிலும் அதே வார்த்தை. அந்தப் பக்கத்து மனிதர்கள் உணவைப் பார்த்து அப்படிச் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தட்டைக் காலி செய்தார்கள், தாராளமாக டிப்ஸ் வைத்தார்கள், கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பாதிப் பேர் வரவில்லை.

லெஸ்டரும்தான் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயில் கூடத்தில் சீட்டாடப் போகிறேன், மீன் ஆசையே விட்டுப் போய்விட்டது என்றான். மார்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணெயை மாற்றப் போய் ஆளே மாறிவிட்டானே என்று பூரித்துப் போனாள். வாரா வாரம் கோயிலில் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினாள். அவனுடைய மாத்திரை டப்பாவைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு அவன் சட்டையில் அடித்த எண்ணெய் வாடை தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவள் உடம்பிலேயே அந்த வாடைதானே.

குளிர்காலம் முழுவதும் வென்டல் ஈ ஓட்டினான். அவன் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. தவக்காலத்து முதல் வெள்ளி வந்தது. வருஷத்தில் அன்றைக்குத்தான் நிற்க இடம் இருக்காது. ஆறு மணிக்கு மது ஊற்றும் மேடையோரம் மூன்று பேர், மேசைகளில் ஒருவரும் இல்லை. தொட்டியில் எண்ணெய் தங்கம்போலத் தெளிந்து கிடந்தது. வென்டல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான்.

"எல்லாரும் ஹூபர்ட் கடையில இருப்பாங்க. நெடுஞ்சாலைச் சந்திப்புல," என்றான். "வேணும்னா போய்ப் பாரு."

அவன் வேறெதையோ சொல்ல வந்து விழுங்கியது மார்லிஸுக்குப் பிறகுதான் உறைத்தது. அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஹூபர்ட் கடை வாசலில் பனியைத் தள்ளிய இடமெல்லாம் வண்டிகள். எல்லாமே அவளுக்குத் தெரிந்த வண்டிகள். அவற்றுக்கு நடுவே லெஸ்டரின் நீல நிற பிக்கப்பும் நின்றது.

உள்ளே போனாள். நீள மேசையில் அவள் வருஷக்கணக்காகப் பரிமாறிய அதே முகங்கள். லெஸ்டர் நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஃபிளாரன்ஸ் கிழவி. லெஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ஜெபமாலை சொன்னவள். தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். மார்லிஸைப் பார்த்ததும் மேசை அடங்கிவிட்டது. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். கோயிலில், கடைத்தெருவில், பனி வழிக்கிற இடத்தில் அவளிடம் லெஸ்டர் எப்படி இருக்கிறான் என்று விசாரித்த அத்தனை பேருக்கும் தெரியும். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது, தப்பு செய்தவள் தானே என்பதுபோல.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

லெஸ்டர் பதறவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டான். "பனி விழ ஆரம்பிச்சதிலேர்ந்து."

"உனக்காகத்தானே வென்டல் கடையவே கெடுத்துக்கிட்டான்."

"நான் கேட்டேனா மார்லிஸ்? அங்க மீனு பழைய மாதிரி இருந்திருந்தா, இந்தப் பனியில இவ்வளவு தூரம் நான் ஏன் வண்டி ஓட்டிக்கிட்டு வரப் போறேன்?"

கழிப்பறைப் பக்கம் போவதுபோல உள்ளே நடந்தாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. ஹூபர்ட்டின் தொட்டியில் எண்ணெய் ஆறிய காப்பி நிறத்தில் நுரை கட்டிக் கிடந்தது. கருகிய மாவுத் துகள்கள் மேலே மிதந்தன. புகை கண்ணைக் கரித்தது. வென்டல் என்னதான் பழைய எண்ணெய் வைத்திருந்தாலும் தினமும் வடிகட்டுவான், கசடை வழிப்பான். இங்கே அந்தப் பேச்சே இல்லை. வென்டலின் எண்ணெயிலிருந்து புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்து, குளிர்காலம் பூராவும் அவனை இந்தத் தொட்டிக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

திரும்பி வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்கும் தெரியும் என்றான். மச்சானைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையாம். அவளுடைய சந்தோஷத்தைக் கெடுக்கவும் வரவில்லையாம். அவள் அவனைத் திட்டவில்லை. பழையபடியே பொரி என்றாள்.

"எதை வெச்சுப் பொரிக்கிறது? பழசு ஒரு சொட்டு இல்லையே. நீதானே சுரண்டச் சொன்னே."

நாலைந்து நாள் விடாமல் பொரித்தால் புது எண்ணெய் தானாகவே பழுத்துவிடும். ஆனால் விடாமல் பொரிக்க வேண்டுமென்றால் தின்ன ஆள் வேண்டும். தின்ன ஆள் வர வேண்டுமென்றால் எண்ணெய் பழுத்திருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் பழைய எண்ணெய் வைத்திருந்தவன் ஒரே ஒருவன். வென்டல் அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். ஆகவே மார்லிஸ் போனாள்.

ஹூபர்ட் கெட்டவன் இல்லை. அவள் மூடி போட்ட வாளியோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை, குத்திப் பேசவில்லை. சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவனே மொண்டு ஊற்றினான்.

"அடியில இருக்கிறதா எடுத்துக்கோம்மா. அதுதான் நல்லா நிறம் குடுக்கும்," என்றான்.

வாளியை வண்டியில் பக்கத்து இருக்கையின் கீழே வைத்துக்கொண்டு ஓட்டினாள். வழி நெடுக அது தளும்பியது. தான் என்ன கொண்டுபோகிறோம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். மனதுக்குள் ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தாள். அங்கே முழுக்கக் கறுப்பு, இங்கே கால்வாசிதான் கறுப்பு, தம்பி வடிகட்டுவான், லெஸ்டராவது கண்ணெதிரே இருப்பான். அது நியாயம்தான். ஆனாலும் ஏரியோரத்தில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். டாக்டரம்மாவின் குரல் காதில் கேட்டது. வண்டியைக் கிளப்பினாள்.

வென்டல் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். தெளிந்த எண்ணெயில் வாளியைக் கவிழ்த்தவள் மார்லிஸ்தான்.

மீன் சிவந்தது. அந்தச் செய்தியை யாரும் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை, ஆனால் பெரிய வெள்ளியன்று வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. ஃபிளாரன்ஸ் மார்லிஸின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அன்றைக்கு ஒரு மேசையிலும் ‘வித்தியாசமா இருக்கு’ என்ற அந்த வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மார்லிஸ் சந்தோஷப்பட்டிருப்பாள்.

லெஸ்டர் ஜன்னலோரம் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முதல் துண்டைக் கடித்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் முகத்தில் அப்படியொரு நிறைவை அவள் பார்த்ததில்லை. அந்த முகத்தின் மேல் அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, அதை அறைய வேண்டும்போலவும் இருந்தது.

"இதுதான் நம்ம மீனு," என்றான்.

வீட்டில் மேலே போகும்போது மாடிப்படியின் பாதியில் அவன் இப்போதெல்லாம் நிற்கிறான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுவரில் மாட்டிய படம் எதையோ பார்ப்பதுபோல நிற்பான். அந்தச் சுவரில் படமே கிடையாது.

அந்தக் கடையில் வெள்ளிக்கிழமை மீனுக்கு அளவு இல்லை. தட்டு காலியானால் பரிமாறுகிறவள் வந்து கேட்க வேண்டும். கேட்காமல் ஒரு மேசையைத் தாண்டிப் போவது மரியாதை இல்லை. சுற்றிலும் எல்லா மேசைகளிலும் அவள் கேட்டாயிற்று. லெஸ்டர் கடைசித் துண்டையும் முடித்துவிட்டு விரல்களைத் துடைக்காமல் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் போடவா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

அவன் தட்டை நீட்டினான்.