இடுப்பளவு தண்ணீர்

சக்கரக் கதிரை காலியாக நின்றது. தாழ்வுபாட்டுக் கரையில் தார் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், கவிழ்த்து வைத்த படகொன்றின் நிழலில் நின்றது. கைபிடியில் ஒரு துவாய். கால் வைக்கும் தட்டில் ஒரு சோடிச் செருப்பு, அடி தேயாத செருப்பு. கிறிஸ்ரி மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு அந்தக் கதிரையை ஒருமுறை சுற்றி நடந்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

சோளகக் காற்று இன்னும் தொடங்கவில்லை. தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. அதில் இரண்டு தலைகள். ஒன்று டிலோஜினி, பதினைந்து வருடம் கழித்தும் அந்தக் கழுத்தை அவனால் அடையாளம் காண முடிந்தது. மற்றது ஒரு இளந்தாரி. மல்லாந்து கிடந்து, கைகளை விரித்து, கரைவரை கேட்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கோபம்தான் முதலில் வந்தது. அதற்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பிடிபட்டுவிட்டார்கள். எழும்பக்கூட ஏலாத பிள்ளையாம். நீந்துகிறான்.

மாதாமாதம் நீதிமன்றத்தில் கட்டுகிற தாபரிப்புப் பணத்தை அவன் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. பாசமெல்லாம் இல்லை. விட்டால் பிடியாணை வரும். மூன்று வயதாகியும் மகன் றொசாந்தனுக்குத் தலை நிற்கவில்லை என்று கண்டபோது டிலோஜினியையும் வீட்டையும் விட்டுப் போனவன் அவன். இப்போது நறுவிலிக்குளத்தில் வேறொருத்தி, இரண்டு பெண்பிள்ளைகள். இரவு முழுக்க மன்னாரில் ஒரு ஐஸ் கொம்பனியில் ஐஸ் கட்டிகளை இழுத்து, பகலில் படுக்கிற சீவியம். போன மாதம் றொசாந்தனுக்குப் பதினெட்டு முடிந்தது. கூட வேலை செய்கிற நஸார்தான் கதையைக் கிளப்பினான்.

“பதினெட்டு முடிஞ்சா பிள்ளை வோட்டுப் போடும் மச்சான். நீ ஏன் இன்னும் காசு போடுறாய்?”

சட்டத்தரணியின் கந்தோரில் வேறு கதை சொன்னார்கள். ஏலாத பிள்ளைக்கு வயதுக் கணக்குச் செல்லாது. மகன் உழைக்கக்கூடியவன்தான் என்று தாய் கையெழுத்து வைத்தால், காசை நிறுத்தக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கடதாசி அவன் சேட்டுப் பையில் இருந்தது.

களிசானை மடிக்காமலே தண்ணீருக்குள் இறங்கினான். இடுப்பளவு ஆழத்தில் அவர்களை எட்டினான்.

“நல்லா நீந்துறான்,” என்றான்.

டிலோஜினி திரும்பவில்லை. “நீந்தேல்லை. மிதக்கிறான்.”

கிட்ட வந்த பிறகுதான் கண்டான். தண்ணீருக்கடியில் அவளுடைய கை மகனின் பிடரியைத் தாங்கியிருந்தது. கால்கள் மெலிந்து, முழங்காலில் மடிந்து, ஒன்றை ஒன்று பின்னிக் கிடந்தன. ஆனால் விரல்கள்! மூன்று வயதில் அந்த விரல்கள் எப்போதும் பொத்தியே இருக்கும். நகம் உள்ளங்கையைக் கிழிக்காமலிருக்க நித்திரையில்தான் வெட்டுவார்கள். அந்த விரல்கள் இப்போது ஒவ்வொன்றாய் நீண்டு, தண்ணீரின்மேல் அகல விரிந்திருந்தன. உள்ளங்கை வெளுத்து, புதுசாய் இருந்தது. டிலோஜினி தன் கையை மெல்ல எடுத்தாள். தலை தாழவில்லை. கடல் அவனை வைத்துக்கொண்டது. பின்னியிருந்த கால்களும் தாமாகப் பிரிந்தன.

கிறிஸ்ரி அந்தக் கால்களையே பார்த்து நின்றான். தரையை நனைத்துவிட்டால் ஐம்பது கிலோ ஐஸ் கட்டி ஒரு விரலுக்கு நகரும், அது அவனுக்குத் தெரியும். தண்ணீர் பாரத்தை எடுக்கும். ஒரு முறுக்கை இப்படி அவிழ்க்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

“பைப்பில தண்ணி வராத ஒருநாள் இவனைக் கழுவக் கொண்டந்தனான்,” என்றாள் டிலோஜினி. “அண்டைக்குத்தான் இந்தக் கை விரிஞ்சதைக் கண்டன். எட்டு வருசமாச்சு. தரையில விரியாது.”

கிறிஸ்ரி சொல்ல வந்ததையே சொன்னான். “பதினெட்டு முடிஞ்சுது.”

“அவனுக்கே சொல்லுங்கோ. கேட்டிட்டு எழும்பி வேலைக்குப் போவான்.”

றொசாந்தன் குரல் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினான். கிறிஸ்ரியின் அதே நெற்றி. அவனைப் பார்த்துச் சிரித்தான். அப்பன் என்று தெரிந்து அல்ல. சூரியனைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்தான்.

“கடதாசி கொண்டந்திருப்பியள். பேனை இருக்கோ?” என்றாள் டிலோஜினி. “கையெழுத்து வைச்சுத் தாறன். இண்டைக்கு இவனைக் கதிரைவரைக்கும் நீங்கள் தூக்குங்கோ. எனக்கு நாரி முறியுது, குனிஞ்சு தூக்க ஏலாது.”

அவ்வளவுதானே என்று நினைத்தான். இரவு முழுக்கத் தூக்குகிறவனுக்கு இது ஒரு பாரமா? குனிந்து இரண்டு கைகளையும் மகனுக்கு அடியில் கொடுத்தான். சேட்டுப்பை தண்ணீரில் தாழ்ந்தது. பாரமே இல்லை. கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது.

கரைப்பக்கம் நடந்தான். தண்ணீர் தொடைக்கு இறங்கியது. முதலில் தலை கனத்தது, பிறகு முதுகு. முழங்காலளவில் முழு மனிதனும் அவன் கைகளுக்கு வந்து சேர்ந்தான். சிரிப்பு நின்றது. கால்கள் மீண்டும் பின்னிக்கொண்டன. விரல்கள் சின்னவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாய் மடங்கி, கிறிஸ்ரியின் சேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திப் பிடித்தன. பைக்குள் கடதாசி நசிந்தது. நனைந்திருந்ததால் சத்தமே வரவில்லை.

கதிரையடியில் குனிந்து மகனை இருத்தினான். நிமிர முடியவில்லை. அந்தப் பிடி விடவில்லை. ஒரு விரலை நிமிர்த்திப் பார்த்தான், இரும்பு. டிலோஜினி துவாயை எடுத்து மகனின் தலையைத் துடைக்கத் தொடங்கினாள்.

கிறிஸ்ரி குனிந்தபடியே, மகனின் ஈர நெற்றிக்கு மேலால், கடலைத் திரும்பிப் பார்த்தான். வெயில் சாய இன்னும் நேரம் இருந்தது. மெல்ல, மறுபடி, இரண்டு கைகளையும் அவனுக்கு அடியில் கொடுத்தான்.