வேப்பிலை கட்டிய வீடு

சந்தனம்மாளின் முதுகில் இருப்பது வெறும் தேமல் இல்லை என்று பெரியகுளத்து டாக்டர் சொன்னபோது, அவளுக்கு முதலில் வந்த நினைவு மகள் முத்துப்பேச்சியின் கல்யாணம்தான். வைகாசியில் நாள் குறித்திருந்தது. தொழுநோய், ஊரில் சொல்லும் பெருவியாதிதான், ஆனால் மாத்திரையில் குணமாகும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்றார் டாக்டர். உடம்பில் புதிதாக எது வந்தாலும், முக்கியமாகக் கை கால் நரம்பு வலித்தால், உடனே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அதுவரை அவளுக்கு வலியென்று ஒன்றும் கிடையாது. தேமலில் முள் குத்தினாலும் தெரியாது, அவ்வளவுதான். மாத்திரை ஆரம்பித்துச் சித்திரை பிறந்ததும் எல்லாம் மாறிப்போனது. தேமல்கள் சிவந்து தடித்தன. முகத்திலும் புதிதாகத் தடிப்புகள் கிளம்பி, கண் இடுங்கும்படி முகமே வீங்கியது. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை காய்ச்சிய கம்பியை இழுப்பதுபோல் வலித்தது.

அவள் புருஷன் அம்மாவாசிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வியாதி சும்மா கிடந்தது, மருந்துதான் இவளைத் தின்கிறது என்று மாத்திரைகளை வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தான். பக்கத்து வீட்டு அய்யம்மாள் எட்டிப் பார்த்து, முகத்துக்கு என்னவென்று கேட்டதும் அவனுக்கு வாயில் வந்தது இதுதான்.

"ஆத்தா வந்திருக்காக."

வீரபாண்டி அம்மன் திருவிழா நெருங்கிய சமயம். அம்மை என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? வாசலில் வேப்பிலை கட்டினான். முத்துப்பேச்சியிடமும் அம்மை என்றே சொல்லிவைத்தான். அய்யம்மாள் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்து, உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கூழைச் சந்தனம்மாள் தொடவே இல்லை.

ஒருநாள் வலி பொறுக்காமல், டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினாள்.

"இந்த மூஞ்சியோட பஸ் ஏறுனா சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சிரும். கல்யாணம் நின்னா அவ என்னத்துக்கு ஆவா?" என்றான் அம்மாவாசி. சொல்லும்போதே அவனுக்கும் குரல் உடைந்தது.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வீக்கம் தானாக வடிந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை அவிழ்த்தார்கள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. தாலி கட்டும் நேரம் அட்சதையை அள்ளியவளுக்கு அரிசி கையில் நிற்கவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிக் கிடந்தன. நிமிர்த்தப் பார்த்தாள், வரவில்லை. கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுவீடு முடிந்தபிறகே பெரியகுளம் போனார்கள். டாக்டர் அந்தக் கையை வெகுநேரம் பிடித்துப் பார்த்தார்.

"மருந்து உங்களைக் கெடுக்கலம்மா. வியாதியோட உடம்பு சண்டை போட்டதுல நரம்பு வீங்கிருச்சு. அப்பவே வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்."

அம்மாவாசி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆடிக்கு வந்த முத்துப்பேச்சி, அம்மா சோற்றைப் பிசையப் படும் பாட்டைப் பார்த்துவிட்டாள். சந்தனம்மாளால் அவளிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டபிறகு மகள் ஒன்றுதான் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கல்யாணத்த நிறுத்தியிருப்பேனம்மா."

புகுந்த வீட்டில் தன் விரலைப் பற்றிக் கேட்டால் அரிவாள் பட்டுவிட்டதாகச் சொல்லும்படி சந்தனம்மாள் சொல்லிக்கொடுத்தாள். முத்துப்பேச்சி தலையாட்டினாள். பஸ் வந்ததும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், அம்மாவைப் பார்க்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.