சிவப்பைப் பொறுக்கிய கை

ஐப்பசி முதிர்ந்து கார்த்திகைக்குள் கால்வைக்கும் நாட்களில், வேப்பந்தட்டையின் வானம் தாழ இறங்கிப் பச்சைமலையின் தோள்மேல் தலைசாய்த்துக்கொள்ளும். விடிந்ததா இல்லையா என்று ஐயுறும்படி ஒரு சாம்பல் ஒளி நாள்முழுதும் நின்றிருக்கும். கீழ்த்திசை முகில்கள் சூல்கொண்ட பிடியானைகளைப்போல மெல்ல நடந்துவந்து, மலையடி கண்டதும் நின்று, பொழிவதா போவதா என்று நெடும்பொழுது எண்ணும். கரிசல் நீர்குடித்து ஊறிப்போகும். வெடித்த பருத்தி நனைந்து செடியிலேயே முகங்கவிழும். மண்ணுக்குள் விதைகள் விழித்தெழும் அதே பருவத்தில், மண்ணுக்கு மேலே சேர்த்துவைத்த விளைச்சலைக் காப்பவனுக்கோ உறக்கம் இல்லை.

முத்துவேலுக்கும் இல்லை. தோட்டத்து மூலையில் கல் பரப்பி, மூங்கில் தட்டி அடைத்து, கீற்று வேய்ந்த பட்டறையில் அவனுடைய சின்ன வெங்காயம் ஏழு டன் கிடந்தது. விலை ஏறும்வரை வெங்காயத்தைக் காற்றாட வைத்திருக்க இந்தப் பக்கத்து உழவர்கள் கட்டும் கூடு அது. ஈரக்காற்றுப் பட்டால் ஒரு காய் அழுகும். அதன் நீர் வழிந்து அண்டைக் காயும் அழுகும். ஆகவே ஞாயிறுதோறும் முத்துவேல் உள்ளே குந்தி, குவியலைத் துழாவி, அழுகியதைப் பொறுக்கி எறிவான். கண் காண்பதற்கு முன்பே அவன் விரல் கண்டுகொள்ளும். அவன் பட்டறையில் சேதாரம் குறைவு என்பதை ஊரே ஒப்பும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி வேணி பட்டறை வாயிலில் வந்து நின்றாள். மீன்சுருட்டியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குக் கணக்கெழுதும் அலுவலகத்தில் வேலை. இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறித் திரும்புவாள்.

"ஏங்க, போனக் குடுங்க. திருச்சி டாக்டர் சொல்லிட்டாரு. மாசம் முடியறதுக்குள்ள ஆர்டர் போடணுமாம்."

மகள் பூங்குழலிக்கு வேண்டிய கருவியைத்தான் சொன்னாள். பிறவியிலேயே செவி கேளாத அந்தப் பெண்ணுக்குச் சிறு வயதில் அறுவை செய்து காதுக்குள் கருவி பொருத்தியிருந்தார்கள். உள்ளே இருப்பது நெடுங்காலம் உழைக்கும். காதுமடலின் பின்னே மாட்டி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெளிக்கருவிதான் ஒலியைப் பிடித்து உள்ளே அனுப்புவது. அது பழுதாகி, பாதிப் பேச்சில் நின்று நின்று போயிற்று. இனி உதிரிப்பாகம் வராது. முற்றிலும் நின்றுவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மீண்டும் ஓசையற்ற உலகத்துக்குள் போய் உட்கார வேண்டியதுதான். புதியது ஏழு லட்சம்.

வேணி கலங்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் வெங்காயம் நல்ல விலைக்குப் போனபோது, இந்நாளை எண்ணியே ஆறு லட்சத்தை அவள் கணவன் பெயரில் மூன்றாகப் பகுத்து வைத்திருந்தாள். நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளை ஒரே கட்டாக வாங்கும் இ.டி.எஃப். ஒன்று, தங்கத்தின் விலையோடு நடக்கும் இ.டி.எஃப். ஒன்று, கடன்பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்டு ஒன்று. செயலி அவன் கைபேசியில் இருந்தது. "தொடாதீங்க, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்பதே அவள் சொன்ன ஒரே சொல். இடையிடையே "எப்பிடி இருக்கு?" என்று கேட்பாள். "சுத்தமா இருக்கு" என்பான் அவன்.

இப்போதும் அதே பெருமிதத்தோடு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினான். "பாரு. சுத்தமா வச்சிருக்கேன்."

வேணி பார்த்தாள். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் நீண்டது. மருந்து நிறுவனங்களின் நிதி, சிறு நிறுவனங்களின் நிதி, வெள்ளி இ.டி.எஃப்., அதே ஐம்பது நிறுவனங்களை வெவ்வேறு பெயரில் சுமந்த நான்கு நிதிகள்.

"என்னங்க இது, கல்யாணப் பந்தியில ஒக்காந்த மாதிரி இத்தன பேரு? நான் வச்சது மூணுதான."

"அந்த மூணும் எப்பவோ போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"செவப்பாச்சு. எடுத்துட்டேன்."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் பொறுமையாக, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினான். "வாராவாரம் இங்க பொறுக்கி முடிச்சதும் கையக் கழுவிட்டு, அதையும் ஒருதரம் பொறுக்கி வுட்ருவேன். வெல எறங்கிச் செவந்து கெடக்கறத மறுநா சந்த தொறந்ததும் வித்துட்டு, ஏறிப் பச்சையா இருக்கறதுல போட்ருவேன். அழுவுனத உள்ள வுட்டா மத்ததும் அழுவிரும்ல?"

வேணி போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அழுவுறதுக்கு அது என்ன வெங்காயமாங்க? இன்னைக்கு எறங்கும், நாளைக்கு ஏறும். எறங்குனப்பல்லாம் வித்து, ஏறுனப்பல்லாம் வாங்கியிருக்கீங்க! விக்கிறப்ப தரகுன்னு ஒருத்தன் புடிச்சிருக்கான், ஒரு வருசம் ஆவறதுக்குள்ள எடுத்ததுக்கு அபராதம்னு இன்னொருத்தன் புடிச்சிருக்கான், தப்பித்தவறி லாபம் வந்ததுக்கு வரி வேற!"

"கத்தாத. தெனம் பாத்துப் பாத்துதான செஞ்சேன்? நீ வச்சிட்டு பஸ் ஏறிப் போயிட்ட. நாந்தான பாத்தேன்?"

"பாக்க வேணாம்னுதானங்க சொன்னேன்!"

குரல்கள் உயர்ந்ததும், சாக்கின்மேல் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பூங்குழலி தலைக்குப் பின்னே கைகொடுத்துக் காந்தத்தோடு கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பெற்றோர் சண்டையிடும்போதெல்லாம் அவள் செய்வது அது. பிறகு நிம்மதியாகக் கணக்குப் போடத் தொடங்கினாள்.

மொத்தம் ஐந்தே முக்கால் லட்சம் இருந்தது. தொடாமல் விட்டிருந்தால் எட்டைத் தாண்டியிருக்கும். அந்த எண்ணை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும். அழுதால் அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. அனைத்தையும் விற்கச் சொல்லி ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்று மட்டும் அசையவில்லை. ஒரு லட்சம் அதற்குள் இருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கணவனையும் இழுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போனாள். அங்கே பழைய பஸ் நிலையத்தருகே முத்துவேலின் பங்காளி சுரேஷ்குமார் மியூச்சுவல் ஃபண்டு விற்கும் கடை வைத்திருந்தான். போனை வாங்கிப் பார்த்தவன் நாற்காலியில் சாய்ந்தான்.

"இது வரி சேமிக்கிற ஃபண்டுண்ணி. மூணு வருசத்துக்குப் பூட்டு. போட்டு நாலு மாசந்தான் ஆவுது. அண்ணன் தலகீழா நின்னாலும் இப்ப எடுக்க முடியாது."

"வரியா? வெங்காயம் வித்து வர்ற காசுக்கு ஏதுங்க வரி தம்பி?"

இருவரும் முத்துவேலைப் பார்த்தார்கள். அவன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தான்.

"பச்சையா இருந்துச்சு" என்றான்.

"ஏண்ணே, பச்சையா இருந்தா டிராபிக் வெளக்கையும் வாங்கிருவியா?" என்று சுரேஷ்குமார் சிரித்தான். பிறகு முன்னால் நகர்ந்து குரலைத் தாழ்த்தினான். "அத விடுங்கண்ணி. மத்ததெல்லாம் காசாவுதுல்ல? நம்மகிட்ட புதுசா ஒண்ணு வந்திருக்கு. யூனிட்டு பத்தே ரூவா. மத்ததெல்லாம் நூறு, எரநூறுன்னு இருக்கு, இது மலிவு. அதுல போட்டு வச்சீங்கன்னா..."

"பத்து ரூவாங்கறது எல்லா ஃபண்டும் தொடங்குற கணக்கு தம்பி, அதுல மலிவு எங்க வந்துச்சு?" வேணி எழுந்துகொண்டாள். "புள்ளைக்குக் காது வாங்கப் பணமில்லன்னு வந்து நிக்கிறேன், நீங்க எனக்கு யூனிட்டு விக்கிறீங்க. நல்லா இருங்க."

பஸ்ஸில் அவள் சன்னலோரம் அமர்ந்தாள். முத்துவேல் அருகில் உட்காரத் துணியாமல் பின்னிருக்கையில் அமர்ந்தான். ஒருமுறை மட்டும் முன்னால் குனிந்து, "டீ குடிக்கிறியா?" என்றான். ஓடும் பஸ்ஸில் டீக்கு எங்கே போவானென்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கினால் அன்றைக்கு முடிவதாக இல்லை.

வீடு சேர்ந்ததும் அவன் நேராகப் பட்டறைக்குள் போய்க் குந்திவிட்டான். துழாவும் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு வேணி வாயிலில் நின்றாள். அந்தக் கை தன் தொழிலைத் திறம்படவே செய்தது. செய்யக் கூடாத இடத்திலும் அதையே செய்திருந்தது, அவ்வளவுதான் நடந்தது. அதை எண்ணியபோது அவள் சினம் தணியவில்லை; இறக்கிவைக்க இடம்தான் இல்லாமற் போயிற்று.

"வெல என்ன இன்னைக்கு?"

"கிலோ முப்பத்தஞ்சு."

"எப்பலேர்ந்து வச்சிருக்கீங்க?"

"ஆவணிலேர்ந்து."

"நடுவுல எறங்கவே இல்லியா?"

"ஏன் இல்ல? இருவத்திரெண்டுக்கு எறங்குச்சு. வியாபாரி ஒருத்தனும் வாங்க மாட்டேன்னுட்டான்."

"அப்ப ஏன் எல்லாத்தையும் வாரி வித்துத் தொலைக்கல?"

முத்துவேலுக்குச் சிரிப்பு வந்தது. வெங்காயத்தைப்பற்றி ஒன்றும் அறியாதவள் என்ற பரிவோடு சொன்னான்: "வெல எறங்குனா காய் அழுவிட்டதுன்னு அர்த்தமா புள்ள? காய் நல்லாத்தான் இருக்கு. சந்தை எறங்கியிருக்கு. நல்ல காய எவனாவது..."

அவன் நிறுத்திக்கொண்டான். துழாவிய கையும் குவியலுக்குள்ளேயே நின்றது. சொன்ன சொல் எங்கும் போகாமல் கீற்றுக் கூரையின்கீழ் அவன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. மழை தூறத் தொடங்கியது.

தூறலைப் பார்த்தபடியே, "நீ வச்ச அந்த மூணும் நல்லாத்தான் இருந்துச்சோ?" என்றான்.

"இருந்துச்சு."

அவன் எழுந்து வெளியே வந்து எறையூர் வியாபாரி வைத்திலிங்கத்தைப் போனில் அழைத்தான். "லாரி அனுப்புங்கண்ணே. எல்லாம்தான்... தையில நல்ல வெல வரும்னு எனக்குத் தெரியாதா? வேணும் இப்ப. அனுப்புங்க." பேசும்போது மனைவிக்கு முதுகு காட்டி நின்றான். தை மாதத்தில் எண்பது ரூபாய் வரும் என்று நான்கு ஆட்களிடம் பந்தயம் கட்டியிருந்தவன் அவன்.

வைத்திலிங்கம் அவசரத்தை முகர்ந்து இரண்டு ரூபாய் குறைத்தார். முப்பத்துமூன்றுக்குப் பட்டறை காலியாயிற்று. நிதிகளை விற்ற பணமும் வெங்காயப் பணமும் சேர்ந்து ஏழு லட்சத்தை எட்டிப்பிடித்தன. பணம் கைக்கு வந்த அன்றே வேணி திருச்சிக்குப் போய்க் கட்டி, கருவிக்குப் பதிவு செய்து வந்தாள்.

அடுத்த வாரம் அரியலூர் பஸ்ஸில் முன்னிருக்கைக்காரர் யாரிடமோ போனில் உரக்கச் சொன்னார்: "சின்ன வெங்காயம் அம்பத்திரெண்டுப்பா! மழையில வரத்தே இல்ல!" வேணி கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபோது முத்துவேலின் முகத்திலேயே செய்தி எழுதியிருந்தது. இரவு இரண்டு பேரும் ரசம்சோற்றை வெகு கவனமாகப் பிசைந்தார்கள். "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று பூங்குழலி கேட்டாள்.

கார்த்திகை தீபத்தன்று மாலை மழை ஓய்ந்தது. வாசலிலும் கிணற்று மேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் எருக்குழியின் ஓரத்திலும் வேணி அகல்களை வைத்துக்கொண்டு வந்தாள். கடைசி அகலோடு பட்டறைப் பக்கம் நடந்தாள். பூங்குழலி கூடவே வந்தாள். முத்துவேல் போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான்.

"அந்தப் பூட்டுனது செவந்துருக்கு" என்றான்.

"கெடக்கட்டும்."

"நாலாயிரம் கொறஞ்சிருக்கு, வேணி."

"உங்க கைக்குத் தப்பினது அது ஒண்ணுதாங்க. கெடக்கட்டும் வுடுங்க."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெறும் பட்டறைக்குள் நுழைந்ததும் பழக்கத்தால் குந்தி, கல்தரையை உள்ளங்கையால் தடவினான். பொறுக்குவதற்கு ஒன்றுமில்லை. வேணி நடுக்கல்லில் அகலை வைத்துத் திரியைத் தூண்டினாள். மூங்கில் தட்டிகளின் நிழல் கூரையெங்கும் கோடு கோடாக விழுந்தது. கைகூப்பி, தாழ்ந்த குரலில், மீன்சுருட்டிக் கோயிலில் சிறுமியாய்க் கற்ற பதிகத்தைப் பாடலானாள்.

பூங்குழலி சட்டைப்பைக்குள்ளிருந்து கருவியை எடுத்துத் தலையில் ஒட்டிக்கொண்டாள். இரண்டாம் பாட்டின் நடுவே பழைய கருவி நின்றுபோயிற்று. அவள் முணுமுணுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, தாயின் உதடுகளைப் பார்த்தபடியே தானும் வாயசைத்தாள். பத்தாம் பாட்டு முடியும்வரை மூவரும் அசையவில்லை.

வேணி மடியிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மகளின் நெற்றியில் இட்டாள். பிள்ளைக்கு உதடு தெரியும்படி குனிந்து மெல்லச் சொன்னாள்.

"வர்ற கருவி நல்லபடியா வரட்டும் கண்ணு. மழையையும் கேளு, மணியையும் கேளு. நூறு வயசுக்கும் காது நெறஞ்சு கேளு."

முத்துவேல் தானும் குனிந்து நெற்றியைக் காட்டினான். ஒருகணம் தயங்கியவள், பெருமூச்செறிந்து அவனுக்கும் இட்டாள்.

"நீங்களும் நல்லா இருங்க. அந்தக் கைக்கு அடுத்த போகத்துல பட்டறை நெறையட்டும். வச்சது வச்ச எடத்துல கெடந்து வெளையட்டும். நமக்கும், ஊருல எல்லாருக்கும்."