பத்தும் நாற்பதும்

...எட்டு, ஒன்பது, பத்து, என்று அவள் வாய்விட்டு எண்ணி முடித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது, கணவர் எழுந்துவிட்டார், எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கட்டும், அவர் காதில் விழ வேண்டும் என்றுதானே எண்ணுவதே, கூர் தீட்டும் பச்சைப் பசை தடவிய பட்டையில் பத்து முறை, பிறகு சவரக் கத்தியைத் துணியால் துடைத்துவிட்டு வெறும் தோலில் நாற்பது முறை, முப்பத்தொரு வருடமாகக் காலை ஆறரைக்கு இந்தக் குளியலறை வாசலில் அவர் எண்ணியது, இப்போது சில மாதமாக அவள் எண்ணுகிறாள். கதவுக் கொக்கியில் தொங்கும் தோல்வாரின் அடிமுனையை இடது கையால் இழுத்துப் பிடித்தாள், கத்தியைப் படுக்க வைத்தாள், முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும், ஓரம் வந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திருப்ப வேண்டும், எல்லாம் பாடம்தான், பாடமாகத் தெரிந்ததால்தானே கெடுக்கவும் தெரிகிறது... கத்தியின் முதுகை ஒரு அரிசி மணி உயரத்துக்குத் தூக்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று. முதுகு தூக்கித் தீட்டினால் கூர் உருண்டுவிடும், பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், ஆனால் வெட்டாது, இழுக்கும். நான்கு, ஐந்து.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், நான் தீட்டித் தருகிறேனே என்று ஆசையாக வாங்கி, முதுகின் மேல் புரட்டாமல் கூரின் மேல் புரட்டித் தோல்வாரிலேயே அரை அங்குலத்துக்குக் கீறல் போட்டுவிட்டாள், என்ன சொல்வாரோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தோலுக்கே ஷேவ் பண்ணி விட்டுட்டியே, நாளைக்கு அதுக்குப் பவுடர் போட்டு விடு என்றார். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது, வாரை மாற்றவே மாட்டேன் என்றுவிட்டார், கத்தி அந்த இடத்தைத் தாண்டும்போது சின்னதாக ஒரு டக், அந்த டக்கில்தான் எத்தனையோ காலைகளில் அவளுக்கு விழிப்பு வந்திருக்கிறது, டக் வேகமாக வந்தால் மனுஷர் நல்ல மனநிலையில் இருக்கிறார், நிதானமாக வந்தால் பட்டறையில் ஏதோ தகராறு. பதினொன்று, பன்னிரண்டு. அவர் கடைசல் பட்டறைக்காரர், சுழலும் இரும்பில் உளி படும் சத்தத்தை வைத்தே நாலு மெஷின் தள்ளி நிற்பவனிடம், டேய், உன் உளி மழுங்கிப் போச்சு, எடுத்துத் தீட்டு என்று கத்துவாராம், அப்படிப்பட்டவர், மெஷின் பக்கம் கையுறை போட்டுக்கொண்டு போகாதே என்று எல்லாரிடமும் தொண்டை கிழியச் சொன்னவர், உள்ளங்கை வெடித்து எரிகிறது என்று அந்த ஒரே ஒரு நாள் தானே கையுறை போட்டுக்கொண்டு போனார், சுழன்ற இரும்பு அதைக் கவ்விக்கொண்டது, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. பதினைந்து... இல்லை, பதினாறு. சவரம் செய்ய இடது கையைப் பழக்கிக்கொண்டுவிட்டார், தீட்டத்தான் வரவில்லை, புரட்டுவதற்கு இரண்டு விரல் வேண்டும், இடது கைக்கு அந்த நெளிவு பிடிபடவே இல்லை, நீயே தீட்டிக் குடு என்று ஒரு நாள் கத்தியை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

அப்போதெல்லாம் ஒழுங்காகத்தான் தீட்டினாள், சத்தியமாக ஒழுங்காகத்தான். அந்த வியாழக்கிழமை வரைக்கும். பட்டறை ஆட்கள் அவருடைய கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போன மறுநாள் அது, பெட்டியை அவர் திறக்கவே இல்லை, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். காலையில் துண்டு கொடுக்கப் போனாள், குளியலறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது, முக்காலியில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் சோப்பு இல்லை, தண்ணீர்கூட இல்லை, கத்தி மட்டும் விரிந்து மடியில் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எவ்வளவு நேரமாகவோ... என்னங்க பண்றீங்க என்றாள், சும்மா என்றார். சும்மா. சும்மா என்றால் என்ன? சோப்பு போட மறந்து உட்கார்ந்திருக்கலாம், மறதி யாருக்குத்தான் இல்லை, அவளே போன வாரம் அடுப்பைப் பற்றவைக்காமல் பால் பொங்கக் காத்து நின்றவள்தானே, ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை, வீட்டுக்குள் யாரோ அந்நியர் நுழைந்துவிட்டதுபோல் அவளைப் பார்த்த பார்வை... இருபத்திரண்டு, இருபத்து மூன்று. மறுநாளிலிருந்து முதுகைத் தூக்கினாள், ஆறு வாரமாயிற்று.

ஒளித்து வைத்துவிடலாமே, தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமே என்று நினைக்காமல் இல்லை, ஆனால் ஒளித்தால் ஏன் ஒளித்தாய் என்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் அது இந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி நடமாடும். மகள் பிளாஸ்டிக் ரேசர் வாங்கி அனுப்பினாள், இதை வெச்சு உங்கம்மா முள்ளங்கி சீவட்டும் என்று அப்படியே அலமாரியில் போட்டுவிட்டார். போனில் மகள், அம்மா, அப்பா எப்படி இருக்காரு என்பாள், இருக்காரு என்பாள் இவள். மழுங்கிய கத்தி இழுத்து இழுத்துத் தாடையில் தினம் இரண்டு மூன்று இடத்தில் ரத்தம், காகிதத் துண்டைக் கிழித்து ஒட்டிக்கொண்டு வருவார், அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு கூசும், ரத்தம் வரக்கூடாது என்று தினமும் அவரை ரத்தம் காட்ட வைக்கிறாளே, இது என்ன காரியம்? அவரும் ஒன்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம் தீட்டி முடித்ததும் முன்கை முடியில் வைத்துப் பார்ப்பார், அதனால் இடது முன்கையில் ஒரு சாண் வழுவழுவென்று இருக்கும், இப்போது அங்கே முடி முளைத்து அடர்ந்துவிட்டது, பதம் பார்க்கிற அக்கறைகூட விட்டுப் போய்விட்டது மனுஷருக்கு, நல்லதுதான், பார்க்காதவரைக்கும் நல்லது. எண்ணிக்கையை மட்டும் அவள் ஒரு நாளும் குறைத்ததில்லை, குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார், பத்தும் நாற்பதும், சத்தமாக, தெளிவாக. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

அவர் வந்து கத்தியை வாங்கிக்கொண்டார். அவள் வழக்கம்போல வாசலிலேயே நின்றாள், துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சாக்கில். சோப்பு நுரை, கண்ணாடி, இடது கை, காதோரத்திலிருந்து கீழே ஒரு இழுப்பு, பாதி வழியில் கத்தி திக்கியது, அவர் கண்ணை இறுக்கிக்கொண்டார், நுரையில் ஒரு பொட்டுச் சிவப்பு. அவளுக்கு அழுகை வந்தது, அதை இருமலாக்கி விழுங்கினாள். மறு பக்கம், மேலுதடு, கழுத்து, கழுத்துக்கு வரும்போது அவள் எப்போதும் தரையைப் பார்ப்பாள், இன்றும் பார்த்தாள், ஓடு, ஓட்டின் இடுக்கு, ஒரு முடி... முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் கத்தியைத் துடைத்தார், இடது கையும் மீதி மூன்று விரலுமாகத் துடைத்து முடிக்க நேரமாயிற்று, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, மழை வரும்போலிருக்கே என்பதுபோல் சொன்னார்.

"முதுகைத் தூக்கித்தான தீட்டுற?"

"இல்லையே... நான் எண்ணித்தான..."

"எண்ணிக்கை சரிதான். சத்தம் வேற. படுத்துப் போனா அந்தக் கீறல்ல டக்குன்னு கேக்கும். தூக்கினா கேக்காது. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

டக். அதுதான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தச் சத்தத்தில் கண் விழித்தவள், ஆறு வாரமாகத் தன் கையாலேயே அது இல்லாமல் போனதைக் கவனிக்கவில்லை, எண்ணிக்கொண்டே இருந்துவிட்டாள், நாலு மெஷின் தள்ளிக் கேட்கிற காதுக்கு ஒரு சுவர் எம்மாத்திரம்? முன்கையில் முடி முளைத்தது அக்கறை போனதால் இல்லை, தெரிந்த விஷயத்தை எதற்குச் சோதிப்பது என்றுதான். இப்போது கேட்பார், ஏன் இப்படிப் பண்ணினே, என்னை என்னவென்று நினைச்சே என்று கத்துவார், கத்தட்டும், கத்தினால் காலில் விழுந்துவிடலாம், எல்லாம் என் பைத்தியக்காரத்தனம்ங்க, என்னென்னமோ நினைச்சுட்டேன் என்று சொல்லி அழுதுவிடலாம், அவரும் அன்றைக்கு மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், பேசாமல் நாளையிலிருந்து படுக்க வைத்தே தீட்டலாம்... அவர் கத்தியை மடக்கினார். மடக்கி, எப்போதும் வைக்கிற கண்ணாடி மாடத்தில் வைக்காமல், அவள் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடிவிட்டார்.

"பரவாயில்ல. நாளைக்கும் அப்படியே தீட்டு."

துண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை, கோபப்படக்கூட இல்லை. இத்தனை நாளும் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆறுதல்தான், இதெல்லாம் தன் மனது கட்டிய வீண் பயமாக இருக்கலாம் என்ற ஆறுதல், அதையும் அவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கையில் கத்தி இன்னும் அவர் சூட்டோடு இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அங்கேயே நின்றாள்.